இரவுக் கபடிப் போட்டிகளைப் படமெடுக்கக் கற்பது: தொடக்க நிலை கேமராவே போதுமா?

பொருநைக்கரையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கபடி அணிக்கு நான்தான் படம் எடுத்துக் கொடுத்து வருகிறேன். இந்தக் கலையை முறையாகக் கற்றவன் அல்லன். கோயில் கொடைக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் எடுத்துப் பழகிய கையோடு ஆடுகளத்தின் ஓரத்துக்கு வந்தவன். என்னிடம் கேனான் 1500டி கேமராவும், 18-55 மி.மீ., 55-250 மி.மீ. என்று இரண்டு லென்ஸ்களும் இருக்கின்றன.

பகல் நேரப் பயிற்சியில் எடுக்கும் படங்கள் ஓரளவு திருப்தியாகவே அமைகின்றன. திணறுவது இரவுப் போட்டிகளில்தான். எங்கள் பகுதியில் கபடிப் போட்டி என்றாலே பொழுது சாய்ந்த பிறகு தொடங்கி விடிய விடிய நடப்பது. மண் தரை, சுற்றிலும் கம்பம் நட்டுக் கட்டிய ஃபோகஸ் லைட்டுகள், கயிற்றுக்கு வெளியே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம், இவ்வளவுதான் அங்கே உள்ள வசதி. 55-250 லென்ஸை முழுவதும் நீட்டினால் ஒளி நுழையும் துளையான அப்பெர்ச்சர் எஃப் 5.6ஐ விட (எண் குறையக் குறையத் துளை பெரிது) அகலமாகத் திறப்பதில்லை. ஒளியை உணரும் திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றிய பிறகும் ஷட்டர் வேகம் 1/80 நொடியிலேயே நின்றுவிடுகிறது. ஓரத்தில் நிற்கும் நடுவர் தெளிவாக விழுகிறார். பாடி வருபவரோ முகம் இழுபட்டு, கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீற்று மட்டும் தெரிய, யாரென்றே அடையாளம் காண முடியாதவராகிவிடுகிறார். ஸ்போர்ட்ஸ் மோடில் வைத்தாலும் இதே நிலைதான்.

பிடி விழுந்துவிட்டது என்று கண்ணுக்குப் பட்டு விரலை அழுத்துவதற்குள் எல்லாரும் தரையில் குவிந்துவிடுகிறார்கள் என்பது இன்னொரு சிக்கல். எனக்குக் கிடைப்பவை பெரும்பாலும் முதுகுகளின் படங்கள். நொடிக்கு மூன்று படம் மட்டுமே எடுக்கும் என் கேமராவை விற்றுவிட்டு வேகமான ஒன்றை வாங்குவதா, லென்ஸ் மட்டும் வாங்கினால் போதுமா, ஃப்ளாஷ் பயன்படுத்தலாமா, களத்தின் எந்தப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பெரிய தொகை செலவிடும் நிலையில் நான் இல்லை.


ஒளியளவன் பதில்:

வணக்கம். நீங்கள் கொடுத்துள்ள எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. எஃப் 5.6, ஐஎஸ்ஓ 3200, 1/80 நொடி என்பது உங்கள் ஆடுகளத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு. எந்த நிறுவனத்தின் எந்தக் கேமராவைக் கொண்டுபோய் வைத்தாலும் அந்த வெளிச்சம் கூடப் போவதில்லை. நொடிக்கு இருபது படம் எடுக்கும் கேமராவை அதே எஃப் 5.6 லென்ஸோடும் அதே ஐஎஸ்ஓவோடும் பயன்படுத்தினால், நொடிக்கு இருபது மங்கலான படங்கள் கிடைக்கும்.

கபடியில் பாடி வருபவர் திரும்பி நடுக்கோட்டை நோக்கிப் பாயும்போது நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1/80 நொடியில் அவருடைய உடல் ஆறு செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். கையும் காலும் அதைவிட வேகமாக வீசப்படுவதால் அவை இன்னும் அதிகமாகவே நகரும். 1/500 நொடியில் அந்த நகர்வு ஒரு செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே 1/500 என்பதைக் கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். 1/640 கிடைத்தால் நல்லது. 1/1000 நொடியைப் பகல் போட்டிகளுக்கு ஒதுக்கிவிடலாம்.

50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கி, அப்பெர்ச்சரை எஃப் 2இல் வைத்தால், எஃப் 5.6ஐ விட ஏறத்தாழ எட்டு மடங்கு ஒளி உள்ளே வரும். அதாவது, அதே ஐஎஸ்ஓ 3200இல் உங்கள் 1/80 நொடி 1/640 நொடியாகிவிடும். கேனான் லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றுள் ஒன்று இது. கையில் வாங்கிப் பார்த்துக் கீறலும் பூஞ்சையும் இல்லையென்று உறுதி செய்துகொள்ள முடியுமானால், பழைய லென்ஸாகவே வாங்கினாலும் குறையில்லை.

இவ்வளவு அகலமாகத் திறந்தால் ஃபோகஸ் ஆழம் போதாதே என்ற அச்சம் பலருக்கு உண்டு. உங்கள் கேமராவின் சென்சார் அளவுக்கு, 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 வைத்துப் பத்து மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால், சுமார் எட்டே முக்கால் மீட்டரிலிருந்து பதினொன்றே முக்கால் மீட்டர் வரை உள்ள அனைத்தும் ஏற்கத்தக்க தெளிவுடன் இருக்கும். மூன்று மீட்டர் ஆழம் என்பது ஒரு பிடியில் சிக்கிய மூன்று நான்கு பேரை அடக்கிவிடக்கூடியது. முகத்துக்கு மிக அருகில் நின்று எடுக்கும்போது வரும் சிக்கல் இந்தத் தொலைவில் வருவதில்லை.

அமைப்புகளில், மோடை முழுவதும் மேனுவலில் வையுங்கள். கறுத்த வானமும் கண்ணைப் பறிக்கும் விளக்குகளும் மாறி மாறிப் படச்சட்டத்துக்குள் வரும் இடத்தில், கேமராவின் ஒளிமானியை நம்பினால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். ஆட்டம் தொடங்கும் முன் வீரர்கள் உடலைத் தளர்த்திக்கொண்டிருக்கும்போதே ஒருவருடைய முகத்தை எடுத்துப் பார்த்து, தோலின் நிறம் சரியாக வரும் அளவில் ஷட்டர், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ ஆகிய மூன்று எண்களையும் நிறுத்திவிடுங்கள். ஃபோகஸை, நகரும் ஆளைத் தொடர்ந்து பின்பற்றும் ஏஐ செர்வோவில் வைத்து, ஒன்பது புள்ளிகளில் நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுங்கள்; உங்கள் கேமராவில் குறுக்கும் நெடுக்குமாக இரு திசையிலும் உணரக்கூடிய புள்ளி அது ஒன்றுதான். திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூ முறையில் இந்தக் கேமராவின் ஆட்டோஃபோகஸ் ஓடும் ஆளைப் பின்தொடர முடியாத அளவுக்கு மெதுவானது என்பதால், எப்போதும் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தே எடுங்கள்.

ஃப்ளாஷ் வேண்டாம். மூச்சைக் கட்டிப் பாடிக்கொண்டு எதிரணியின் ஏழு பேருடைய கால்களையும் கவனிப்பவருடைய கண்ணில் அதை அடிப்பது முறையன்று, நடுவர்களும் விடமாட்டார்கள்.


களத்துமேடு பதில்:

தம்பி, நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். லென்ஸைப் பற்றி மேலே சொன்னவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். எங்கே உட்கார்வது என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். முதுகுகளின் படமாகவே வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், நடுக்கோட்டுக்கு நேராகப் பக்கவாட்டில் உட்கார்ந்து எடுக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலோர் அங்கேதான் போய் உட்கார்கிறார்கள். அங்கே இரு பக்கமும் நடுவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள் என்பதோடு, பிடி விழுந்தவுடன் பிடிப்பவர்கள் எல்லாரும் உங்களுக்கு முன்னால் ஒரு சுவர் எழுப்பிவிடுவார்கள்.

ஆடவர் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது. நடுக்கோடு அதை இரண்டாகப் பிரிப்பதால், கடைக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கு ஆறரை மீட்டர். ஆட்டமிழந்தவர்கள் உட்காரும் கட்டம் கடைக்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் என்பதால் அதன் நடுவில் உங்களுக்கு இடமில்லை. கடைக்கோடும் பக்கக்கோடும் சந்திக்கும் மூலைக்கு ஓரிரு மீட்டர் பின்னால், தரையில் சம்மணமிட்டு உட்காருங்கள். அங்கிருந்து நடுக்கோட்டின் மையம் குறுக்காகச் சுமார் பத்து மீட்டர். மேலே கணக்கிட்டுச் சொன்ன தொலைவும் ஏறத்தாழ அதுவே.

இனி, எந்த அணி பாடப் போகும்போது எதை எடுப்பது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்க அணியின் ஆள் உங்கள் பக்கத்துப் பாதிக்குள் பாடி வரும்போது அவருடைய முகம் உங்களை நோக்கி இருக்கும். பிடிப்பவர்களின் முதுகு உங்களுக்குத் தெரியும். அப்போது கிடைப்பவை பாடுபவரின் கண், நீட்டிய கை, கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்ட நீளும் கால் ஆகியவை. பிடி விழுந்த பிறகு அவர் நடுக்கோட்டை நோக்கித் திரும்பிவிடுவார் என்பதால் அந்தப் பாதியில் பிடியை எடுக்க முயல வேண்டியதில்லை. மாறாக, உங்கள் பக்கத்து அணியின் ஆள் எதிர்ப்பாதிக்குப் பாடிச் செல்லும்போது முதலில் அவருடைய முதுகுதான் தெரியும், பொறுத்திருங்கள். அவரை மடக்கிப் பிடித்தவுடன் அவர் திரும்பி, நடுக்கோட்டைத் தொடுவதற்காக உங்களை நோக்கியே பாய்வார். அவருடைய முகமும், கோட்டை எட்டும் விரல்களும், பின்னால் அவருடைய இடுப்பையும் தொடையையும் இறுக்கிக்கொண்டிருப்பவர்களின் முகங்களும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். கபடியில் இதைவிட நல்ல படம் வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஒரு பாட்டுக்கு முப்பது நொடிதான் என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் பத்துப் பதினைந்து நொடிகளில் பாடுபவர் பெரும்பாலும் நோட்டம்தான் பார்ப்பார். புள்ளியில்லாத இரண்டு பாட்டுக்குப் பிறகு மூன்றாவதிலும் புள்ளி எடுக்காவிட்டால் பாடியவர் ஆட்டமிழக்க வேண்டும் என்ற விதியோடு நடக்கும் போட்டிகளில், இரண்டு பாட்டு வீணாய்ப் போன பிறகு வரும் பாட்டில் ஏதோ ஒன்று நடந்தே தீரும். அதற்கு முன் கையைத் தளர்த்திக்கொண்டு, அந்த ஒரு பாட்டுக்கு முழுக் கவனத்தையும் கொடுங்கள். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடிக்கும்போது அது சூப்பர் பிடியாகக் கூடுதல் புள்ளி தரும் என்பதால் அவர்கள் துணிந்து பாய்வார்கள். களத்தில் ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் உண்டு. ஐந்து பேர் நிற்கும்போது போனஸ் கோட்டின்மேல் ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. ஆட்டத்தின் எண்ணிக்கையை மனத்தில் வைத்திருப்பவருக்கே கேமரா எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது தெரியும். படமெடுக்க வருபவர்களில் பலர் ஸ்கோர் பலகையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.


கறுப்புத்துணி பதில்:

நான் திருமணப் படங்கள் எடுத்துப் பிழைப்பவன். விளையாட்டுப் படங்கள் எனக்கு விருப்பத்துக்காக. மேலே உள்ள இரண்டு பதில்களிலும் பயன் உண்டு. ஆனால், 50 மி.மீ. என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த லென்ஸில் பத்து மீட்டர் தொலைவில் உங்கள் கேமராவின் சட்டம் ஏறத்தாழ நாலரை மீட்டர் அகலத்தைக் காட்டும். பிடி முழுவதும் அடங்கும் என்பது உண்மைதான். கூடவே பின்னால் உள்ள ஃப்ளெக்ஸ் பலகையும், குழாய் விளக்கும், செல்பேசியை உயர்த்தி நிற்கும் கூட்டமும் அடங்கிவிடும். 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் அதே தொலைவில் அகலம் இரண்டரை மீட்டருக்குச் சற்று மேல். முகம் பெரிதாக வரும், பின்னணி கரைந்துவிடும், அந்த லென்ஸின் ஃபோகஸ் மோட்டாரும் வேகமானது. விலை மூன்று நான்கு மடங்கு இருக்கும் என்பதையும், ஃபோகஸ் ஆழம் ஒரு மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும் என்பதையும் மறைக்கவில்லை. பணம் சேரும் வரை காத்திருக்க முடிந்தால் அதையே வாங்குங்கள் என்பேன்.

அதுவரை என்ன செய்வது என்றால், பகலில் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் 55-250 லென்ஸ் மாலை நாலரை மணி வெயிலில் 1/1000 நொடியைத் தாராளமாகத் தரும். பள்ளித் திடலில் நடக்கும் வாலிபால் ஆட்டத்தில் வலையின் அருகே நின்று, ஸ்மாஷ் அடிப்பவர் குதிக்கத் தொடங்கும்போதே அழுத்தப் பழகுங்கள். பந்து கையில் படுவதைப் பார்த்த பிறகு அழுத்தினால் பந்து சட்டத்தில் இருக்காது. கபடிக்கு வேண்டிய பழக்கமும் இதுதான்; ஆனால், வாலிபாலில் அந்தக் கணம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருவதால் கை விரைவில் பழகிவிடுகிறது.

நொடிக்கு மூன்று படம் போதாது என்ற கவலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று படம் என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு நொடி. அதற்குள் தொடையில் இருந்த கை கோட்டைத் தொட்டுவிடும். ஆகவே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே காலம் பார்த்து அழுத்துவதுதான் உங்கள் கேமராவுக்கு ஏற்றது. 1965 மே 25 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து லூயிஸ்டன் நகரில் நடந்த குத்துச்சண்டையில், தரையில் விழுந்து கிடக்கும் சன்னி லிஸ்டனுக்கு மேலே முகமது அலி கையை மடக்கி நின்று உறுமும் படத்தை எடுத்த நீல் லைஃபர், படத்துக்குப் படம் கையால் ஃபிலிம் சுற்ற வேண்டிய ரோலைஃப்ளெக்ஸ் கேமராவில்தான் அதை எடுத்தார். மேடைக்கு மேலே கட்டியிருந்த ஃப்ளாஷ் விளக்குகள் ஒருமுறை மின்னிய பிறகு மீண்டும் மின்னேற நேரம் பிடிக்கும் என்பதால், அந்தக் கணத்துக்கு அவருக்கு ஒரே ஒரு படம்தான். அதே படத்தில் அலியின் கால்களுக்கிடையே, மேடையின் மறுபுறத்தில், லைஃபரைப் போலவே ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகைக்காக எடுத்துக்கொண்டிருந்த ஹெர்ப் ஷார்ஃப்மன் தெரிவார். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. எங்கே உட்கார்வது என்று ஆசிரியர் ஐயா இவ்வளவு விரிவாக எழுதியதற்கு அந்தப் படத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.


பொருநைக்கரையான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியர் ஐயா ஊகித்தது சரியே. நடுக்கோட்டுக்கு நேராகத்தான் உட்கார்ந்து வருகிறேன். நண்பர் ஒருவரிடம் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை இரவல் வாங்கி, சொன்ன மூலையிலிருந்து, சொன்ன அமைப்புகளில் எடுத்துப் பார்த்தேன். முகங்கள் தெளிவாக வந்திருக்கின்றன. கோட்டைத் தொடும் விரல்களின் படம் ஒன்று எங்கள் அணியினர் எல்லாருடைய செல்பேசியிலும் இப்போது இருக்கிறது.

ஆனால், விளங்காத ஒன்று நடக்கிறது. எந்த எண்ணையும் மாற்றாமல் அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும், அடுத்தது இருட்டாகவும், வேறொன்று செம்மஞ்சள் படிந்தும் வருகின்றன. சில படங்களில் மேல் பாதி ஒரு நிறமாகவும் கீழ்ப் பாதி வேறு நிறமாகவும்கூட இருக்கின்றன. முன்பு 1/80 நொடியில் எடுத்தபோது இப்படி நிகழ்ந்ததில்லை. கேமரா பழுதாகிவிட்டதா?


ஒளியளவன் பதில்:

கேமராவில் பழுது எதுவும் இல்லை, விளக்குகள் துடிக்கின்றன. நம் நாட்டு மின்சாரம் திசை மாறி மாறி நொடிக்கு 50 சுழற்சிகளாக ஓடுவது. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு உச்சங்கள் இருப்பதால், மெட்டல் ஹாலைடு, சோடியம், குழாய் விளக்கு போன்றவை நொடிக்கு 100 முறை கூடியும் குறைந்தும் எரிகின்றன. அதாவது, ஒரு துடிப்புக்குப் பத்து மில்லி நொடி. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. 1/80 நொடி என்பது பன்னிரண்டரை மில்லி நொடி என்பதால், ஒரு முழுத் துடிப்பும் அதற்குள் அடங்கி, வெளிச்சம் ஏறத்தாழச் சமமாகிவிட்டிருந்தது. இப்போது 1/500, 1/640 என்று எடுக்கும்போது, துடிப்பின் ஏதோ ஒரு சிறு துண்டை மட்டுமே கேமரா பெறுகிறது. உச்சத்தில் விழுந்தால் வெளிச்சம், தாழ்வில் விழுந்தால் இருட்டு. சில வகை விளக்குகள் தாழ்வில் நிறமும் மாறுபவை.

மேலும் கீழும் வேறு நிறமாக வருவதற்குக் காரணம் ஷட்டரின் அமைப்பு. 1/200 நொடிக்கு மேற்பட்ட வேகங்களில் உங்கள் கேமராவின் ஷட்டர் ஒரே நேரத்தில் முழுவதும் திறப்பதில்லை. ஒரு திரை திறக்கத் தொடங்கியதும் மற்றொரு திரை அதைத் தொடர்ந்து மூடிக்கொண்டே வருவதால், ஒரு குறுகிய இடைவெளிதான் சென்சாரின்மேல் நகர்ந்து செல்கிறது. அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் விளக்கு தாழ்ந்துவிட்டால், படத்தின் இரு பாதிகளும் இரு வேறு வெளிச்சங்களைப் பெறுகின்றன.

இந்தத் துடிப்பை உணர்ந்து, உச்சம் வரும்போது மட்டும் ஷட்டரைத் திறக்கும் வசதி 2014இல் வெளிவந்த கேனான் 7டி மார்க் II முதற்கொண்டு பல கேமராக்களில் இருக்கிறது. உங்கள் கேமராவில் இல்லை. ஆகவே சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்து, கணினியில் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தையும் வெள்ளைச் சமநிலையையும் தனித்தனியே திருத்த வேண்டியிருக்கும். இருட்டாக வந்த படத்தைக் கணினியில் வெளிச்சமாக்கினால் மணல் தூவியதுபோல் புள்ளிகள் பெருகும் என்பதால், ஐஎஸ்ஓவைச் சற்றுக் கூட்டி, உச்சத்தில் விழும் படத்தின் வெண்மை எரிந்துபோகாத எல்லையில் வைத்துக்கொள்ளுங்கள். ராவில் எடுக்கும்போது கேமராவின் தற்காலிக நினைவகம் சில நொடிகளிலேயே நிரம்பிவிடும். தனித்தனியாக அழுத்தும் பழக்கம் இருந்தால் இது உறுத்தாது. முக்கியமான பிடியில் மட்டும் இரண்டு மூன்று படங்கள் சேர்த்து எடுங்கள். ஒன்றாவது உச்சத்தில் விழ வாய்ப்புண்டு.

எல்லா எல்இடி விளக்குகளும் இப்படித் துடிப்பதில்லை. உள்ளே இருக்கும் மின்சுற்று தரமானதாக இருந்தால் ஒளி சீராகவே இருக்கும். மலிவானதாக இருந்தால் பழைய விளக்குகளைவிட மோசமாகத் துடிக்கும். போட்டிக்கு முன்பே இதை அறிய ஒரு வழி உண்டு. செல்பேசியில் ஸ்லோ மோஷன் காணொளி எடுத்துப் பாருங்கள். எந்தக் கம்பத்து விளக்கு துடிக்கிறது என்பது திரையில் தெரிந்துவிடும். துடிக்காத விளக்குகள் ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், அந்த வெளிச்சம் பாடுபவரின் முகத்தில் விழும் மூலையைத் தேர்ந்தெடுக்கலாம்.


இடதுகார்னர் பதில்:

கல்லூரிக் காலத்தில் கார்னரில், அதாவது பிடிப்பவர்களின் வரிசையில் ஓரத்தில், நின்று ஆடியவள் நான். இப்போது மகளிர் போட்டிகளுக்குப் படமெடுக்கிறேன். 50ஆ, 85ஆ என்ற விவாதத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மகளிர் களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர்தான். மூலையில் உட்கார்ந்தால் எல்லாமே இன்னும் நெருங்கிவிடும். எங்கள் போட்டிகளில் 85 மி.மீ. லென்ஸைப் பயன்படுத்தினால் பாதி நேரம் கால்களை வெட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கபடியில் காலை வெட்டிவிட்டால் கணுக்கால் பிடி எப்படித் தெரியும்? நீங்கள் இரவல் வாங்கிய லென்ஸையே வாங்கிவிடுங்கள் என்பது என் கருத்து.

பிடி விழப் போவதை முன்கூட்டியே அறிய, பாடுபவரைப் பார்க்காமல் பிடிப்பவர்களைப் பாருங்கள். கார்னரில் நிற்பவர் ஒரு கால் பின்வாங்கி, இடுப்பைத் தாழ்த்தி, கையைப் பக்கத்தில் நிற்பவரிடமிருந்து விடுவித்தால் அவர் பாயப் போகிறார் என்று பொருள். வரிசையின் உள்பக்கமான கவரில் நிற்கும் இருவர் கைகோத்து ஓரடி முன்னால் வந்தால் செயின் பிடி வரும். பாடுபவர் கார்னர் பக்கம் காலை நீட்டி, உடல் எடை முழுவதையும் ஒரே காலில் வைத்திருக்கும் கணத்தில்தான் பெரும்பாலும் பாய்வார்கள். ஒரு கண்ணை வியூஃபைண்டரில் வைத்து மறு கண்ணையும் திறந்தே வைத்திருக்கப் பழகினால் இதைக் கவனிக்க முடியும். தொடக்கத்தில் தலை வலிக்கும், பிறகு பழகிவிடும்.

கோட்டைத் தொடும் படத்துக்கு ஆட்டோஃபோகஸை நம்பாமலும் இருக்கலாம். ஆட்டம் தொடங்கும் முன் நடுக்கோட்டின் மையத்தில் ஒருவரை நிறுத்தி ஃபோகஸ் செய்துவிட்டு, லென்ஸில் உள்ள பொத்தானை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். மேலே சொன்ன மூன்று மீட்டர் ஆழம் இதற்குப் போதுமானது. இடையில் யாராவது ஓடினாலும் ஃபோகஸ் அவரிடம் போய்விடாது என்பது இதிலுள்ள பெரிய நன்மை. எதிர்ப்பக்கத்தில் தாழ்வாகக் கட்டிய விளக்கு ஒன்று இருந்தால் அதற்கு எதிராக உட்கார்ந்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இழுபறியில் கிளம்பும் செம்மண் புழுதி முழுவதும் ஒளிர்ந்து, ஆட்கள் விளிம்புக்கோடாகத் தெரிவார்கள். பாயில் நடக்கும் ஆட்டத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. அந்தப் புழுதியில் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள். சென்சாரில் படிந்தால் எல்லாப் படத்திலும் அதே இடத்தில் கறை இருக்கும்.

படங்களை அனுப்பும்போது நான் கடைப்பிடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. இழுபறியில் சட்டை மேலேறிய படங்களையும் கால்சட்டை விலகிய படங்களையும், விளையாட்டாக எவ்வளவு நன்றாக அமைந்திருந்தாலும், பொதுவெளியில் இடுவதில்லை. பெண்கள் அணி, ஆண்கள் அணி என்ற வேறுபாடு இதில் இல்லை. பள்ளி மாணவர்களின் படங்களைப் பயிற்சியாளரிடம் மட்டுமே கொடுக்கிறேன். பனியன் எண்ணையும் எந்த அணி என்பதையும் அன்றிரவே ஃபைல் பெயரில் சேர்த்துவிடுங்கள். விடியும் வரை எடுத்துவிட்டு மறுவாரம் உட்கார்ந்தால், ஏழாம் எண் அணிந்தவர் எந்த ஊர்க்காரர் என்பது எடுத்தவருக்கே நினைவிருக்காது. அவர்தான் முதலில் தொலைபேசியில் அழைத்துப் படம் கேட்பார்.


கறுப்புத்துணி பதில்:

மகளிர் களத்தின் அளவை நான் கணக்கில் எடுக்கவில்லை. சகோதரி சொல்வது சரி. மூலையில் உட்கார இடம் கிடைக்காமல் கூட்டத்துக்குப் பின்னால் நிற்க நேர்ந்தால் மட்டும் 85 மி.மீ. தேவைப்படும். பொருநைக்கரையான், நீங்கள் இனி அந்த நண்பரிடம் லென்ஸுக்கு என்ன விலை எதிர்பார்க்கிறார் என்று கேட்டுப் பார்க்கலாம்.